உவர்த் தண்ணீரில் நுரைக்கும் சவர்க்காரம்

எங்கள் பேசாலைக் கிணற்றுத் தண்ணீரில் கடைச் சவர்க்காரம் நுரைக்காது. தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிடும், கட்டியும் கரைந்துவிடும், அழுக்கு மட்டும் போகாது. தேங்காய் எண்ணெயில் நாங்கள் செய்வது அப்படியில்லை. கடல் தண்ணீரில்கூட நுரைக்கும். ஒரு கட்டியை எடுத்து மணந்து பாருங்கள். அந்தப் பச்சை நிறம் சாயமல்ல, வேப்பிலை அரைத்துப் போட்டது.

நீங்கள் விபத்தைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு உங்கள் நிறுவனம் எங்கள் பெண்களுக்குச் சவர்க்காரத்துக்குப் போடும் கோஸ்டிக் சோடாக் காரம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. இந்த வீட்டுத்திட்டத்தில் எல்லார் வீட்டிலும் சவர்க்காரம் கிண்டும் பேசின் கவிழ்ந்து கிடக்கிறது. எங்களுக்குப் பழக்கித் தந்த றஹீமாவையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டீர்களாம். அது சரியில்லை. றஹீமா சிலாவத்துறைக்காரி. புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் கற்ற தொழிலை, சொந்த ஊருக்குத் திரும்பி வந்ததும் எங்களுக்கும் சொல்லித் தந்தாள். ஒன்றையும் அவள் குறையாகச் சொல்லித் தரவில்லை. அவளுக்காகத்தான் இன்றைக்கு வாய் திறக்கிறேன்.

காரத்தைத் தண்ணீருக்குள் போட வேண்டும், தண்ணீரைக் காரத்துக்குமேல் ஊற்றக் கூடாது என்றாள். அலுமினியச் சட்டி ஆகாது, அது கறுத்துப் பொங்கும் என்றாள். கரைத்த காரத்தண்ணீர் முதலில் கொதிக்கும், புகையும். ஆறிய பிறகு பச்சைத் தண்ணீர் போலத் தெளிந்து நிற்கும். அதனால் சிவப்புப் பட்டி ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் கானில் மட்டுமே ஊற்றி வைக்க வேண்டும் என்று கானும் தந்தாள். எங்கேயாவது பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், ஒரு நொடியும் சுணங்கக் கூடாது என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னாள். நான் முன் வரிசையில் இருந்து கேட்டேன்.

கொஞ்சம் பொறுங்கள், வாசல் படலை திறக்கும் சத்தம். பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றுமில்லை, ஆடு.

நான் ஒரு இடத்தில் இருக்கமாட்டேன் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். பூசைக்குப் போனாலும் கடைசி வாங்கில் கதவோரமாகத்தான் இருப்பேன். நற்கருணை வாங்கியதும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவேன். அருள்நாயகிக்குக் காலில் சக்கரம் பூட்டியிருக்கு என்பார்கள். வீட்டில் ஆளில்லாத நேரம் மகன் வந்து திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது? அந்தப் பயம் அவர்களுக்கு விளங்காது. சவர்க்கார வேலை எனக்கு ஒத்து வந்ததும் அதனால்தான். எண்ணெயும் காரமும் சேர்ந்து தடிக்கும்வரை அகப்பையால் கிண்டிக்கொண்டே இருக்கலாம், கண் படலையில் இருக்கலாம். வெட்டிய கட்டிகளை ஒரு மாதத்துக்குக் குறையாமல் காற்றாட அடுக்கி வைக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் தோலைத் தின்னும். காத்திருந்தால் காரம் தானாக அடங்கிவிடும். இதை என் மருமகள் டிலோஜினிக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

மகன் பெயர் அலெக்ஸாண்டர். கடலுக்குப் போகிறவன். என் புருஷன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் பயணம் புறப்பட்டாலும் மூத்தவர்கள் நீல மூடி போட்ட மாதா போத்தலில் இருக்கும் தீர்த்தத்தை உள்ளங்கையில் வார்த்து, போகிறவரின் திறந்த கண்களில் ஒற்றிவிட வேண்டும். கண்ணைச் சிமிட்டக் கூடாது. அப்போதுதான் எவ்வளவு தூரம் போனாலும் கரை கண்ணுக்குத் தெரியும், திரும்பி வருவார்கள். அந்த முறை எனக்கு வந்த நாளிலிருந்து நான் ஒற்றாமல் யாரும் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை.

சண்டைக் காலத்தில் வன்னிக்குள் அகப்பட்டு இடம் இடமாக ஓடியபோதும் அந்த நீல மூடிப் போத்தல் என் மடியில்தான் இருந்தது. கடைசியில், பதுங்குகுழிக்குள் டிலோஜினிக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. போத்தலில் மிச்சமிருந்த தீர்த்தத்தை அவள் வாயில் ஊற்றினேன். அது போதவில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று மகன் கானைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அவன் கண்ணில் ஒற்றிவிட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதை நான் அவளிடம் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சாகிற நிலையில் கிடந்த பிள்ளை, அவள் என்ன செய்வாள்.

முகாமிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பி வந்தோம். வீட்டுத்திட்டம் கிடைத்தது. கட்டுவதற்கு வந்த மேசன்தான் எட்வேட். வங்காலைக்காரன். குடிக்கமாட்டான், அதிகம் கதைக்கவும் மாட்டான். சுவரைப் பூசிவிட்டுத் தூர நின்று தலையைச் சரித்துப் பார்ப்பான். எங்கள் கதவுநிலையை இரண்டு தரம் கழற்றிப் பூட்டினான், சம்பளம் இரண்டு தரம் கேட்கவில்லை. அவனில் ஒரு குறை சொல்ல எனக்குத் தெரியாது. வீட்டு வேலை முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தான். அவன் வருகிற நாட்களில் டிலோஜினி சவர்க்காரம் கிண்டும்போது பாட்டு முணுமுணுப்பாள்.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இளம் வயது. ஆனால் மரித்த ஆத்துமாக்களின் நாளன்று பூசையில், இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கும் பெயர்களைப் பாதர் வாசித்தபோது, என் மகனின் பெயரையும் வாசித்தார். எல்லோரும் திரும்பி என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். பெயரைக் கொடுத்தவள் டிலோஜினி.

வீட்டுக்கு வந்து அவளிடம் ஆறுதலாகத்தான் கேட்டேன்.

"உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் ஆத்துமப் பூசை குடுப்பினமோ பிள்ளை?"

"அவர் இருந்தா இவ்வளவு காலத்துக்கு வந்திருப்பார் மாமி. நான் எத்தினை முகாம், எத்தினை அரசாங்கக் கந்தோர் எண்டு உங்களோட அலைஞ்சனான். எனக்கு இனி ஏலாது."

"அப்ப செத்திட்டான் எண்டு நீ முடிவெடுத்திட்டாய்."

"நான் முடிவெடுக்கேல்லை மாமி. நீங்கள்தான் விடுறியள் இல்லை."

அதன்பிறகு அவள் அழுதாள். நான் அழவில்லை. ஒருவன் செத்துவிட்டான் என்று பெண்சாதியே பீடத்தில் சொல்ல வைத்தால், அவனுக்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறதா? அவள் காத்திருக்கும்வரைதான் என் மகன் உயிரோடு இருக்கிறான். இதை நீங்களும் யோசித்துப் பாருங்கள், விளங்கும்.

நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு, எட்வேட்டோடு வங்காலைக்குப் போகப்போவதாக அவள் சொன்னாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிணற்றடிக்கும் படலைக்கும் நடந்தேன். கடற்கரைவரை போய் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்துவிட்டு, எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பினேன். சவர்க்காரத்துக்குக் காரம் கரைத்தேன். ஆற வைத்தேன். அதில் கொஞ்சத்தை நீல மூடிப் போத்தலில் ஊற்றி, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏன் ஊற்றினேன் என்று அப்போது என்னையே நான் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் வாசலில் தண்ணீர் நிரப்பி வைக்கும் பரலைக் கழுவிக் கவிழ்த்தேன். பாசி பிடித்திருந்தது, கழுவ வேண்டியதுதான். வாளியையும் கிணற்றடியில் விட்டுவிட்டு வந்தேன்.

அவள் ஒரு பையோடு வந்து நின்றாள். எட்வேட் பஸ் ஹோல்டில் காத்து நிற்கிறான் என்றாள்.

"நான் உங்களை விட்டிட்டுப் போகேல்லை மாமி. நீங்களும் வாங்கோ. உங்களுக்கெண்டு ஒரு அறை கட்டியிருக்கிறார். கடல் பக்கமா யன்னல் வைச்சிருக்கிறாராம்."

"அவன் வந்து பார்க்கேக்க வீடு பூட்டிக் கிடந்தா?"

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு முழந்தாளிட்டாள்.

"கண்ணுக்குத் தீர்த்தம் ஒற்றி விடுங்கோ மாமி. உங்கட கையால."

கேட்பாள் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டு வழக்கத்தை நன்றாகப் பழகியவள். முகத்தை நிமிர்த்தி, சிமிட்டாமல் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை.

இதுதான் என் உள்ளங்கை. தோல் உரிந்து இப்படித்தான் ஆறியது. இதைப் பார்த்துத்தான் எல்லோரும் விபத்து என்று நம்பினார்கள். பாவம், வயதுபோன மனிசி, போத்தல் மாறிவிட்டது, தன் கையையும் பொசுக்கிக்கொண்டாள் என்றார்கள். ஆஸ்பத்திரியில் எனக்கும் மருந்து கட்டினார்கள். றஹீமா வந்து என் காலடியில் இருந்து அழுதாள். நான் தந்த கானிலை ஏன் ஊத்தேல்லை உம்மா என்று கேட்டாள்.

போத்தல் மாறவில்லை.

அவள் தண்ணீர், தண்ணீர் என்று கத்தினாள். பரல் கவிழ்ந்து கிடந்தது. நான் கிணற்றடிக்குப் போனேன். கிணறு தூரமில்லை, நீங்கள் வரும்போது கண்டிருப்பீர்கள். காலில் சக்கரம் பூட்டியவள் என்று ஊரே என்னைப் பகிடி பண்ணும் என்று சொன்னேனே, அன்றைக்கு நான் ஓடவில்லை. நடந்தேன். வாளியை இறக்கினேன், நிரம்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் மாமி, மாமி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மகன் போன நாளிலிருந்து என் உடம்பில் இருந்த பதற்றம் அந்த நேரத்தில் அடங்கியிருந்தது. அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதற்குமுன் இல்லை, பிறகும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பதற்றம் திரும்பிவிட்டது.

ஒரு கண் முழுதாகப் போய்விட்டது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரியுமாம். அவளுக்கு ஒரு குறையும் நான் வைக்கவில்லை. தலை வாரி இழுத்து விடுகிறேன், சோறு பிசைந்து கொடுக்கிறேன், இந்தச் சவர்க்காரத்தைப் போட்டு நானே குளிக்க வார்க்கிறேன். நன்றாகக் காய்ந்த கட்டியாகப் பார்த்துத்தான் எடுப்பேன், தோல் எரியக் கூடாது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் என் கை முகத்துக்குக் கிட்டப் போனால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள்.

நீங்கள் இதை யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். றஹீமாவுக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள், மற்றப் பெண்களுக்குக் காரத்தைக் கொடுங்கள். பொலிஸ் வந்தாலும் இதையேதான் சொல்வேன். என்னைக் கொண்டுபோவதென்றால் இந்த வீட்டைப் பூட்டாமல் இருக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். அவள் உள்ளே இருப்பாள். இனி எங்கேயும் போகமாட்டாள்.

எட்வேட் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். அவள் நித்திரை என்று சொல்லிப் படலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். தலையைச் சரித்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவான்.

இதோ, திரும்பவும் படலைச் சத்தம். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது கேட்டதா? அவள் எழும்பிவிட்டாள். சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வருவாள். முன்பெல்லாம் நான் மட்டும்தான் எழும்பி ஓடுவேன், இப்போது அவளும் ஓடி வருகிறாள். நான் ஆசைப்பட்டது இதைத்தான். வந்து நின்று, எட்வேட்டோ என்று கேட்பாள். நீங்கள் அதைப் பிழையாக எடுக்க வேண்டாம். கண் தெரியாதவர்களுக்குப் பெயர் தடுமாறும். அவள் கேட்பது என் மகனைத்தான்.