ஊறுகாய்ப் போத்தலில் ஏழு உயிர்

மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை, பிள்ளை. அது ஆளைத் தேடித்தான் வருகிறது. படித்தவர்களுக்கே இது தெரிவதில்லை. பாருங்கள், நான் அந்தப் பெயரைச் சொன்னதும் நீங்களே நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிட்டீர்கள். பரவாயில்லை. நான் புறப்படும்போது சேலையை நல்ல சூட்டில் இஸ்திரி போட்டுத்தான் உடுத்தினேன். சூட்டுக்கு அது தாக்குப்பிடிக்காது.

குடும்ப ஆலோசனைக்குக் கூப்பிட்டால் இந்த மனுஷி பூச்சிக் கதை சொல்கிறாளே என்று நினைப்பீர்கள். என் மகனும் மருமகளும் ஏன் பிரிந்திருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். இந்த அறையில் சொல்வது வெளியே போகாது என்றும் சொன்னீர்கள். இருபத்தேழு வருடம் படிப்பித்தவள் நான். கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்வேன்.

எங்கள் வீடு பசறை வீதியில். என் கணவர் சிதம்பரநாதன் பதுளை அரசாங்கக் கச்சேரியில் தலைமை லிகிதராக இருந்தவர். சொந்த ஊர் யாழ்ப்பாணம் என்றாலும், இந்தக் குளிருக்குப் பழகி இங்கேயே காலமானார். மகள் நிவேதிகா பாரிஸில். மகன் அனுஷன் இங்கே வங்கியில். அவன் தானாகவே ஒரு பெண்ணைத் தெரிவுசெய்தான். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, விஞ்ஞானப் பட்டதாரி ஆசிரியை, பெயர் விஜயலெட்சுமி. லட்சுமி என்பதை லெட்சுமி என்று எழுதுவாள். இரண்டு தடவை திருத்திக் கொடுத்தேன். "பெறப்புச் சான்றிதழ்ல அப்படித்தான் இருக்குங்க அத்தை" என்றாள். எங்கள் பக்கத்தில் மாமி என்பார்கள். அதையும் திருத்தினேன். அத்தை அத்தையாகவே இருந்தது.

எனக்குத் தோட்டத்துச் சனங்கள் மீது ஒரு வெறுப்பும் இல்லை. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் படிப்பித்து ஆளாக்கியிருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒன்றரைக்கு மணி அடிக்கும், எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சம்பந்தத்துக்கு அப்படி ஒரு மணி கிடையாது.

கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடத்தில், விஜயலெட்சுமிக்கு நாலு மாதமாக இருக்கும்போது, வீட்டில் கடி தொடங்கியது. நான் முறைப்படி தேடினேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், உதவும். முதலில் மெத்தையின் தையலைப் பார்க்கவேண்டும். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளி இருந்தால் அதுதான். பிறகு கட்டில் மூட்டுகள், சுவரில் மாட்டிய படங்களின் பின்பக்கம். இடுக்குகளுக்குள் இழுத்துப் பார்க்கத் தடிப்பான அட்டை ஒன்று வேண்டும். நான் என் கணவருடைய கச்சேரி அடையாள அட்டையைப் பாவித்தேன். அவர் இந்த வீட்டில் செய்த முதல் துப்புரவு வேலை அது.

அனுஷனின் கட்டிலில்தான் அதிகம் இருந்தது. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. "போன கிழமை பூனாகலையிலயிருந்து ஒரு பை வந்தது தம்பி. எனக்கு வேற ஒண்டும் தெரியாது" என்றுமட்டும் சொன்னேன்.

"அம்மா, சும்மா இருங்கோ. பையில வந்தது பட்டர்ஃபுரூட்" என்றான்.

விஜயலெட்சுமி கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு வந்தாள். "அத்தை, எங்க லயத்துல மூட்டப்பூச்சி கெடையாதுங்க. அம்மா மாசம் ஒருக்கா கட்டிலத் தூக்கி வெயில்ல போட்டுரும். ஒங்க வீட்டுலதான் நான் மொத மொத பாக்குறேன்."

ஒங்க வீட்டில்.

அன்றிரவு அவர்களுடைய அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அனுஷன் பஞ்சில் மருந்து தொட்டு அவள் தோளில் இருந்த கடிகளுக்கு ஒவ்வொன்றாகப் பூசிக்கொண்டிருந்தான். "இது மூண்டாவது. இது நாலாவது. அசையாதையப்பா, இன்னும் நுவரெலியா போறளவுக்குப் பாதை இருக்கு" என்றான். அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். சின்ன வயதில் அவனுக்கு அம்மைக் கொப்புளங்களுக்கு நான் மருந்து பூசியது நினைவுக்கு வந்தது. பூச்சி வந்தால் மற்ற வீடுகளில் சண்டை வரும். என் வீட்டில் அதுகூட அவர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

மறுநாள் பூச்சிக்கு மருந்து அடிக்கும் றில்வானை வரச்சொன்னேன். அவர் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான். டோர்ச் லைட்டோடு அனுஷனின் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடியவர், நிவேதிகா ஓகஸ்ட்டில் வந்தபோது எனக்கென்று விட்டுப்போன சிவப்புச் சூட்கேஸை இழுத்தெடுத்தார். உள்துணியைக் கிழித்துக் காட்டினார்.

"இந்தா பாருங்க டீச்சர், பூச்சிக் கூடே ஈக்கிது. வெளிநாட்டுல இருந்து வந்த ஆருசரி நின்டாங்களா?"

"தோட்டத்தில இருந்து வந்திருக்காதோ?"

"இல்ல டீச்சர். பொட்டியிலதான் வந்தீக்கி. மருந்து அடிச்சா மட்டும் போதாது. கொதிதண்ணி ஊத்தோணும், எல்லாத்தையும் வெயில்ல போடோணும்."

பெட்டியைப் பற்றி யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர், தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆக அவை பாரிஸிலிருந்து வந்தவை. அந்த ஊரில் பெரிய பெரிய இடங்களிலேயே இருக்கிறதாம். ஒரு வகையில் கௌரவமான பூச்சி. நம் பிள்ளைகள் வருடக்கணக்கில் வீசாவுக்கு அலைகிறார்கள். இவை ஒரு கையெழுத்தும் இல்லாமல் வந்து இறங்கிவிட்டன. பெட்டியைப் பின்வளவில் எரிக்கத் தூக்கினேன். ஆனால் நான் சுத்த சைவம், பிள்ளை. ஓர் எறும்பைக்கூடத் தெரிந்து மிதித்ததில்லை. அதனால் ஏழு பூச்சிகளை மட்டும் எடுத்து, கழுவிக் காயவைத்த ஊறுகாய்ப் போத்தல் ஒன்றில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டிவிட்டு, மற்றதை எரித்தேன்.

ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தவர் பெரியாயி.

பெரியாயி விஜயலெட்சுமியின் தாய். இன்னும் கொழுந்து பறிக்கிறார். மகள் சொன்னதும் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி, இரண்டு நாள் என் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். கட்டில்களைக் கழற்றினார். மூட்டு மூட்டாகக் கொதிநீர் ஊற்றினார். மெத்தைகளை முற்றத்து வெயிலில் நிமிர்த்தி, பிரம்பால் அடித்து, மாலையில் திருப்பி வைத்தார். திரைச்சீலைகூட மிஞ்சவில்லை. "டீச்சரம்மா, நீங்க ஒக்காருங்க, ஒங்களுக்கு இது பழக்கம் இருக்காதுங்க" என்றார். என் வீட்டில், என் கதிரையில், என்னை உட்காரச் சொன்னார்.

அதன்பிறகு ஒரு கடி இல்லை. கொண்டாடவேண்டிய விஷயம்தான். அனுஷன் கொண்டாடினான். "மாமி வந்தபடியாத்தான் அம்மா, நாங்கள் நித்திரை கொள்ளுறம்" என்றான். அவர் சுட்டுக்கொடுத்த ரொட்டியை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டான். பிள்ளை பிறந்ததும் மாமி வந்து மூன்று மாதம் எங்களோடு நிற்கட்டும் என்று அவர்களே பேசி முடிவுசெய்துவிட்டு எனக்கு அறிவித்தார்கள்.

மூன்று மாதம் என்றார்கள். நிவேதிகாவின் புகுந்தவீட்டு மாமன் மாமி பாரிஸிலிருந்து வந்து பார்க்கும்போது என் பேரன் பெரியாயியின் மடியில் இருப்பான். அவர் பேச்சைக் கேட்டு அவன் பேசப் பழகுவான். இதை வாயால் சொன்னால் என்னைச் சாதித்திமிர் பிடித்தவள் என்பார்கள். நான் அப்படிப்பட்டவள் அல்ல. ஆகவே சொல்லவில்லை.

மூட்டைப்பூச்சி வளர்ப்பது சிரமமில்லை. கிழமைக்கு ஒருமுறை, பத்து நிமிடம் போதும். நான் புதன்கிழமையை ஒதுக்கினேன். கதவைச் சாத்திவிட்டுப் போத்தலின் வாயைக் கெண்டைக்காலில் அழுத்திப் பிடிப்பேன். துணியூடாகக் குடிக்கும். வலிக்காது. உடம்பு தட்டையாக வந்து, திராட்சை விதைபோல் உப்பித் திரும்பும். அந்த நேரத்தில் தேவாரம் படிப்பேன். வீட்டில் மற்ற எல்லாரும் பெரியாயியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோது, என்னை எதிர்பார்த்தவை அவை மட்டும்தான்.

மாசியில் பேரன் பிறந்தான். பெரியாயி வந்தார். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, பிள்ளையை முதன்முதலாக ஏணையில் போடுவதாக ஏற்பாடு. ஏணை தெரியும்தானே, சேலையில் கட்டும் தொட்டில். அவர்கள் பக்கத்தில் தாய்வழிப் பாட்டியின் பழஞ்சேலையில்தான் கட்டவேண்டுமாம். பெரியாயி தன்னுடைய நூல்சேலை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பல வருடம் துவைத்துத் துவைத்துப் பூப்போல் மென்மையாகிவிட்ட சேலை. அதையும் மறுபடி அவித்து, மூன்று நாள் வெயிலில் காயப்போட்டு, மடித்து, வெள்ளைத்துணியில் சுற்றி வைத்திருந்தார். அந்த வீட்டிலேயே மிகச் சுத்தமான துணி அதுதான். அதனால்தான் எனக்கு அது வசதியாக இருந்தது.

முந்திய இரண்டு புதன்கிழமைகளிலும் நான் போத்தலைத் திறக்கவில்லை. பசி இருக்கவேண்டும் அல்லவா. அன்று காலை பெரியாயி பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். விஜயலெட்சுமி தலைக்குச் சாம்பிராணி பிடித்துக்கொண்டிருந்தாள். ஏணை கட்டி ஆயத்தமாக இருந்தது. பெரிய பூச்சிகள் ஏழையும் சேலையின் மடிப்புக்குள் இறக்கினேன். அதற்குள் போத்தலில் குஞ்சுகளும் இருந்தன. அவற்றை விடவில்லை. சின்னஞ்சிறுசுகளைத் தொந்தரவு செய்ய எனக்கு மனம் வராது.

பேரன் இரண்டு மணித்தியாலம் தூங்கினான். நடுவில் சிணுங்கினான். பெரியாயி எழும்பப் போனார். "பிள்ளையை ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்கக்கூடாது" என்று நான்தான் தடுத்தேன். ஏணையை நானே ஆட்டினேன். பிறகு பிள்ளை வீறிட்டான். தூக்கிப் பார்த்தால் கழுத்திலும் கன்னத்திலும் பதினொரு தடிப்பு. ஒரு கண் மூடும் அளவுக்கு வீங்கியிருந்தது. சேலையை உதறியதும் பூச்சி ஒன்று சிவப்பாகத் தரையில் விழுந்தது.

அனுஷன் ஒருநாளும் சத்தம் போடாதவன். அன்று போட்டான். "இது எங்கயிருந்து வந்தது? ஆரெண்டாலும் சொல்லுங்கோ."

நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். பதற்றத்தில் சேலைக்கரை கொஞ்சம் உயர்ந்துவிட்டிருக்கவேண்டும். பெரியாயி தரையில் குனிந்து பூச்சியை எடுத்தவர், நிமிரும்போது என் காலைப் பார்த்தார். மாதக்கணக்கில் ஒரே இடம். கறுத்துப்போன புள்ளிகள், போத்தலின் வாய் அளவுக்கு, ஒரு சுற்று.

"வட்டமா இருக்குங்களே, டீச்சரம்மா" என்றார். எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

சேலையை இழுத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார், என் மகனைப் பார்த்தார். கையிலிருந்த பூச்சியை நகத்தால் நசுக்கினார்.

"ஆமாங்க தம்பி. என் சீலையிலதான் வந்துருக்கும். நான் சரியா பாக்கல. மன்னிச்சுக்கங்க" என்றார்.

கவனியுங்கள், பிள்ளை. யாரும் வற்புறுத்தவில்லை. நான் ஒரு சொல் பேசவில்லை. அவரே தன் வாயால் ஒத்துக்கொண்டார்.

அனுஷன் இனி மாமி இங்கே வரவேண்டாம், பிள்ளையைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஆத்திரத்தில் சொன்னதுதான். பெரியாயி அன்றே ஊருக்குத் திரும்பப் பண்டாரவளை பஸ்ஸுக்குப் போய்விட்டார். படியிறங்கும்போது, "டீச்சரம்மா, எம்மகள நல்லபடியா வெச்சுக்கங்க" என்றார். வெகு தெளிவாகச் சொன்னார்; எனக்கு அது பிடிக்கவில்லை.

காரியம் இத்தோடு சரியாக முடிந்திருக்கும். விஜயலெட்சுமிதான் கெடுத்தாள். மூன்றாம் நாள் பிள்ளையின் துணிகளைப் பையில் அடுக்கினாள்.

"எங்கம்மா பொய் சொல்லி நான் அன்னைக்குத்தான் பாத்தேன்" என்றாள் அனுஷனிடம். "அந்தச் சீலைய அவிச்சப்ப நான் பக்கத்துலதாங்க நின்னேன். அது ஏன் பொய் சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியல. ஆனா எங்கம்மா வரக்கூடாத வீட்டுல எம்புள்ளைக்கு என்னா வேலை?"

"லெட்சுமி, நான் கோவத்தில சொன்னது" என்றான்.

"நீங்க கோவத்துல சொன்னீங்க. அது அழுதுகிட்டே போச்சு."

அவள் பிள்ளையோடு பூனாகலைக்குப் போய் ஏழு மாதமாகிறது. அனுஷன் சனிக்கிழமைகளில் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறான். மாமியிடம் மன்னிப்புக் கேட்டானாம். பெரியாயி இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மகள் ஒருநாளும் திரும்பி வரமாட்டாள் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது. பிழை செய்தவர்களுக்கு அப்படி ஒரு பயம் இருக்கும்தான்.

ஆக, நடந்தது இவ்வளவுதான். ஏழு பூச்சியை என் இரத்தம் கொடுத்து வளர்த்து, என் பேரனின் ஏணைக்குள் விட்டவள் நான்தான். மறைக்க என்ன இருக்கிறது. பதினொரு தடிப்பு, ஒரு கிழமையில் ஆறிவிட்டது. ஒரு குடும்பத்தின் மானத்துக்கு அது பெரிய விலையா என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் பதிவுக் கோவையில் பெரியாயி ஒத்துக்கொண்டதை எழுதினால் போதும். என் பெயரில் எதுவும் எழுதவேண்டியதில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விஜயலெட்சுமியிடம் பேசி, பேரனை என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். இப்போது பிடித்துக்கொண்டு நிற்பானாம். முதல் பல் முளைத்ததற்கு அடுத்த மாதம் அவன் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டவேண்டும். தாயும் வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அவள் வந்தால் பெரியாயியும் பின்னால் வருவார் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதற்கும் நான் ஆயத்தமாகத்தான் இருக்கிறேன். குஞ்சுகள் வளர்ந்து, இப்போது முப்பதுக்குக் குறையாது.

நேரம் மூன்றரையா? மன்னிக்கவேண்டும், நான் எழும்பவேண்டும். இன்று புதன்கிழமை. பசியோடு காத்திருக்கும் உயிர்களை மறந்து இருக்க என்னால் முடியாது, பிள்ளை.