ஒரு தேக்கரண்டி

மாவை மூன்று முறை சலித்தால் ரொட்டி மிருதுவாக வரும், ஐயா. கல்யாணமான புதிதில் அதை என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எங்கள் வீட்டுச் சமையலில் பாதி என்னுடையது.

அவளுக்கு அடிக்கடி வயிறு உப்பும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் கழிவறைக்கு ஓடுவாள். சாயங்காலமானால் எலும்பெல்லாம் வலிக்கிறது என்று சுருண்டு படுப்பாள். மூன்று டாக்டர்கள் பார்த்துக் கைவிரித்த பிறகு, நான்காவதாகப் பார்த்த டாக்டரம்மா ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, "கோதுமை உங்க உடம்புக்கு ஆகாது. ஒரு சிட்டிகைகூடக் கூடாது" என்றார். அன்று அவள் அழுதாள். வியாதி இருக்கிறது என்பதற்காக அல்ல. இத்தனை நாள் தான் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்ததற்காக.

அதன் பிறகு எங்கள் சமையலறை இரண்டாகப் பிரிந்தது. அவளுக்குத் தனிச் சல்லடை, தனி வாணலி, மூடியில் சிவப்பு நாடா ஒட்டிய அரிசி மாவு டப்பா. பிஸ்கட் தின்ற கையோடு நான் அவள் தட்டைத் தொடக் கூடாது. கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பித் திருப்பிப் படிப்பாள். நான் கூடையோடு நிற்பேன்.

"நம்ம வீட்டுல சாப்பாட்டைக் கண்டு யாருடா பயந்திருக்கா? எல்லாம் மனசுதான்" என்றாள் என் அக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆபீஸிலும் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். தண்ணீர் மீட்டர்களைச் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. சோதிக்காமல் எதையும் நான் நம்பியதில்லை.

ஆகவே சோதித்தேன். ஒரு தேக்கரண்டி கோதுமை மாவை எடுத்து, நன்றாகச் சலித்து, சிவப்பு நாடா டப்பாவில் கலந்தேன். அவளுக்குத் தெரியாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். மறுநாள் காலை அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

தற்செயலாக இருக்கலாம். டப்பாவைக் கழுவி நல்ல மாவு நிரப்பினேன், அவள் தேறினாள். மறுபடி கலந்தேன், மறுபடி படுத்தாள். மூன்றாவது தடவையோடு எனக்குத் தெரிந்துவிட்டது. அதை நான் உங்களிடம் மறைக்கவில்லை.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தினால் அவள் தேறிவிடுவாள். தேறினால் டாக்டரம்மா சொன்னது சரி, அவள் சொன்னது சரி, நான் ஊரெல்லாம் சொன்னது பொய். நிறுத்தாவிட்டால், கோதுமையைத் தொடாதவளுக்கும் வலி வருகிறது பாருங்கள் என்று சொல்லலாம். சொன்னேன். அக்கா தலையாட்டினாள்.

அவள் மட்டும் வேறு மாதிரி யோசித்தாள். "எங்கயோ நான்தான் தப்பு பண்றேன்" என்பாள். முதலில் பாலை விட்டாள். பிறகு முட்டை, பருப்பு, தக்காளி. எதை விட்டாலும் வலி அவளை விடவில்லை. தின்றதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, வலித்த நாளுக்கு அடிக்கோடு போட்டாள். ஒருநாள் நோட்டை என்னிடம் நீட்டினாள்.

"பாருங்க, ரொட்டி சுடாத அன்னைக்கு மட்டும் கோடு இல்ல. எனக்கு அரிசி மாவும் ஆகல போலிருக்கு."

டப்பாவைத் தூக்கிப் போட்டாள். நியாயமாக என் சோதனை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அவளால் அடுப்பின் முன் நிற்க முடியாமல் போயிருந்தது. நான்தான் கஞ்சி காய்ச்சினேன். கஞ்சி கெட்டிப்பட ஒரு தேக்கரண்டி உதவியாக இருந்தது.

பதினான்காவது மாதம் அவள் எடை முப்பத்தொரு கிலோ. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டரம்மா ரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, "கோதுமை எப்படியோ உள்ள போகுது. வீட்டுல யார் சமைக்கிறா?" என்று கேட்டார்.

"இவர்தான். இவர் கையால குடுத்தா மட்டும்தான் பயமில்லாம சாப்பிடறேன்" என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையால்தான் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். கலந்தது நான். பதினான்கு மாதம் தெரிந்தே கலந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோன கஞ்சியில் மூன்று நாளும் வெறும் அரிசிதான். அதை மட்டும் குடித்துவிட்டுத்தான் அவள் கண்ணை மூடினாள். அப்படிப் பார்த்தால் கோதுமை காரணமில்லைதானே, ஐயா?