ஏழு பாஸ் ஆனதும் போடலாம்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கல்லூரி. அந்தக் கல்லூரியிலே ஐந்து பெண்கள், ஒரு பந்து, ஒரு மாஸ்டர். பெண்களுக்கு ஓடத் தெரியும், எம்பத் தெரியும், பந்தைக் கைமாற்றத் தெரியும். கூடைக்குள் போடுவதை மட்டும் ஒருத்தியும் செய்யமாட்டாள். ஏன், ஏன் என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்கிற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடிந்ததில்லை. பதில் சொல்லுவதற்கு அவர் நிறுத்தவேண்டும் அல்லவா?

ஆட்டத்தில் தோற்ற மறுநாள் மத்தியானம். திட்டு வாங்கிக்கொண்டு நாலு பேரும் போய்விட்டார்கள். ஐந்தாவது பெண் பாதி வழி போனவள் திரும்பி வந்தாள். இடதுகைக்காரி. பீச்சாங்கை என்று அவளுக்குப் பேர் வைத்ததும், உயரமானவளுக்கு நெட்டச்சி, குள்ளமானவளுக்குச் சுண்டெலி என்று வைத்ததும் மாஸ்டர்தான். முந்தின நாள் இவர்களைத் தோற்கடித்த பக்கத்துக் கல்லூரியின் கோச்சம்மா, ஆட்டம் முடிந்த கையோடு அவளைத் தனியே கூப்பிட்டு, "மேல்படிப்புக்கு எங்க கிட்ட வந்துடேன், எங்க டீம்ல ஆடு" என்று சொல்லியிருந்தார். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லவேண்டும். பீச்சாங்கைக்குப் போக மனசில்லை. 'நான் இங்கேயே இருக்கேன் மாஸ்டர், என்னை ஷூட் பண்ண மட்டும் விடுங்க.' இவ்வளவுதான் கேட்க வந்தது. வராந்தா நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கூடை மாட்டியிருந்த ஹாலுக்குள் வந்து வாயைத் திறந்தாள்.

"வாம்மா, வா. நீயே சொல்லு, இது நியாயமா? நேத்து நெட்டச்சி எங்கே நின்னா? கூடைக்கு நேர் கீழே! சுத்தி ஈ, காக்கா இல்ல. கையில பந்து. அவ உசரத்துக்கு எம்பக்கூட வேணாம்மா... சட்டையக் கொடியில போடற மாதிரி போட்டுட்டு வந்திருக்கலாம். ஒரே ஒரு பாயின்ட்ல பின்னாடி நிக்கறோம், டைம் ஓடுது, ஜனமெல்லாம் 'போடு போடு'ங்குது. இவ என்ன பண்ணினா? என் மூஞ்சியப் பார்த்தா! அட, என் மூஞ்சியில என்ன கூடையா மாட்டியிருக்கு?

"அப்புறம் திரும்பி சுண்டெலிக்குப் போட்டா. சுண்டெலி உனக்குப் போட்டா. நீ... சரி விடு, நீ ஏன் போடலேன்னு இப்பக் கேக்கல. கேக்கத்தான் போறேன், அப்புறமா. நீ திரும்ப நெட்டச்சிக்கே குடுத்தே. பீப்பீன்னு ஊதிட்டான்! அந்த டீம் பொண்ணுங்க கட்டிப் புடிச்சுக்கிட்டுக் குதிக்கறாங்க, நம்மாளு பந்தைப் பச்சப்புள்ள மாதிரி இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கறா. தூங்கிடுச்சு போல, எழுப்ப வேணாம்னு!"

அவர் கையில் இருந்த பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி அவளிடம் எறிந்தார். அவள் பிடித்தாள். பிடித்த வேகத்தில் அவரிடமே திருப்பிப் போட்டாள்.

"பாரு! பாரு, நீயும் அதையேதான் பண்றே! பந்து என்ன சுடுதா? கையில நெருப்பா? கூப்பிட்டுக் கேட்டேன் அந்த நெட்டச்சிய, ஏண்டி போடலேன்னு. என்ன சொன்னா தெரியுமா? 'ஆறுதான் ஆச்சு மாஸ்டர்'ங்கறா! ஆறு பாஸ்தான் ஆச்சாம். ஏழு ஆனாத்தான் போடணுமாம். எங்கேர்ந்துதான் புடிக்கறாங்களோ இந்தக் கணக்கை...

"நான் சொன்னேன்தான். இல்லேங்கல. 'ஏழு பாஸுக்கு முன்னாடி எவளாவது ரிங்கை நிமிர்ந்து பார்த்தா கிரவுண்டைச் சுத்தி ஓடணும்'னு சொன்னேன். ஓடவும் விட்டேன். எதுக்கு? ஒழுக்கத்துக்கு! அதைப் போயி மேட்ச்ல பண்ணுவாங்களா? சொந்தமாக் கொஞ்சம் மூளைய உபயோகிக்க வேணாமா? போன வருஷம் ஒருத்தி உபயோகிச்சா. சுருட்டை முடி, ஞாபகமிருக்கா? நாலாவது பாஸ்லயே தூக்கிப் போட்டா. உள்ளேயும் போச்சு, இல்லேங்கல. ஆனா நாலாவது பாஸ்! ஒக்கார வெச்சேன் பெஞ்சுல. சீசன் பூரா தண்ணி பாட்டில்தான் எடுத்துக் குடுத்தா. இப்ப ஆடறதையே விட்டுட்டாளாம். பாரும்மா, இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுமை இல்ல."

பீச்சாங்கை தொண்டையைக் கனைத்தாள். அவள் குரல் எப்போதுமே சின்னது. பக்கத்தில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டால்தான் கேட்கும்.

"சளியா? வெந்நீர் குடி. சரி, ஏழாவது பாஸ் சுண்டெலிக்கு வந்துச்சுல்ல? கணக்குதான் ஆயிடுச்சே, அவளாவது போட்டாளா? போடல. ஏன்னு கேட்டா, 'குள்ளமா இருக்கறவங்க ரிங்கைப் பார்க்கக் கூடாதுன்னீங்களே'ங்கறா. அது அவ நல்லதுக்குச் சொன்னதும்மா! குள்ளச்சி எம்பறதும் நெட்டச்சி புடுங்கறதும்... எதுக்கு அந்த அசிங்கம்? ஒண்ணு சொல்றேன், அந்தச் சுண்டெலி இங்கே வந்து சேர்ந்தப்போ எப்படி இருந்தா? பந்தைத் தட்டிக்கிட்டு நாலு பேர் காலுக்கு நடுவுல புகுந்து அந்தப் பக்கம் போயிடுவா. பந்து அவ கையில ரப்பர் போட்டுக் கட்டினாப்பல வரும். டொக்கு டொக்கு டொக்குன்னு... 'ஏம்மா, யார் வீட்டுக் கதவைத் தட்டறே?'ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அன்னியிலேர்ந்து தட்டறதை நிறுத்திட்டா. இப்பப் பந்து வந்தா, கெணத்துல விழுந்த பூனைய எடுத்தாப்பல நீட்டிப் புடிச்சுக்கிட்டு யாருக்குக் குடுக்கலாம்னு பார்க்கறா. நம்ம டீம்ல பந்தைத் தட்ட ஒருத்திக்காவது தெரியுதா? தெரியல! யாரு கெடுத்தா இவங்களை? அதைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன்."

பந்து மறுபடி வந்தது. மறுபடி திரும்பிப் போனது.

"சிரிப்பு பத்திச் சொன்னேன்ல... நம்ம பொண்ணுங்க ஒரு காலத்துல சிரிப்பாங்க. இப்பப் பார்த்தா பல் டாக்டர் வாசல்ல ஒக்கார்ந்திருக்கற மாதிரி இருக்காங்க. அந்த டீமைப் பாரு. ஓடறாங்க, வந்ததும் போடறாங்க, தவறினாச் சிரிக்கறாங்க! அதெல்லாம் ஒரு ஆட்டமா? அந்தக் கோச்சம்மா இருக்காங்களே, ஆட்டம் பூரா காலை ஆட்டிக்கிட்டு ஒக்கார்ந்திருக்காங்க. வாயே தொறக்கல. அதுக்கு ஒரு வேலை, ஒரு நாற்காலி! நான் பாரு, தொண்டை கிழியக் கத்தறேன். 'அஞ்சு! ஆறு! இன்னும் ஒண்ணு!'ன்னு ஓரமா நானும் ஓடறேன். நேத்து உங்களை விட எனக்குத்தான் வேர்த்துச்சு. ஜெயிச்சுட்டாங்கதான். இல்லேங்கல. ஆனா நம்ம பாஸ் எவ்வளவு அழகா இருந்துச்சு! அந்தப் பக்கத்துக்கெல்லாம் சொந்த புத்தி இருக்கற ஒருத்தி போவாளா?"

பீச்சாங்கைக்குக் காது மடல் சூடானது. இதுதான் சமயம் என்று ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"இரு, உன் விஷயத்துக்குத்தான் வர்றேன். எட்டாவது பாஸ். உன் கைக்கு வந்துச்சு. வலது பக்கம் ஒருத்தி மறிச்சு நிக்கறா. இடது பக்கம் தெறந்து கிடக்கு, வாசக்கதவாட்டம்! உன்னோட அந்தக் கை இருக்கே, தங்கம்மா அது. நீ வந்து சேர்ந்த புதுசுல கண்ணை மூடிக்கிட்டுப் போடுவே, சரக்குன்னு எறங்கும். நானே வீட்ல போய்ச் சொல்லியிருக்கேன், 'ஒரு பொண்ணு வந்திருக்கா, அவ கையப் பார்க்கவே காசு குடுக்கலாம்'னு. அப்படிப்பட்ட கை! நேத்து அதை எங்கே வெச்சிருந்தே? முதுகுக்குப் பின்னாடி! எவனாவது தங்கத்தைக் கொண்டு போய் முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வெப்பானா?

"கட்டினேன். இல்லேங்கல. ஒரு வருஷம் துண்டால அந்தக் கையக் கட்டித்தான் பழக்கினேன். வலது கையும் வளரணும்னு! ரெண்டும் தங்கமாயிடும்னு பார்த்தேன், இப்ப ரெண்டும்... சரி. அவுத்துவிட்டேன்ல? அவுத்துவிட்டதுக்கு அப்புறமும் அது அங்கேயே போய் நின்னா நான் என்ன பண்றது?"

அவள் இடது கை இப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அது அங்கே இருப்பது அவர் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மெல்ல முன்னால் கொண்டு வந்தாள்.

"வீட்லயும் இதே கதைதாம்மா எனக்கு. பையன் ஃபேன் போடறதுக்கு என் மூஞ்சியப் பார்க்கறான். வளந்த பையன்! 'போடட்டுமாப்பா?' 'எத்தனைல வைக்கட்டும்பா?' எங்க வீட்டம்மா கடைக்குப் போனா அங்கேர்ந்து போன் பண்றாங்க, 'பெரிய சோப்பா, சின்ன சோப்பா?'ன்னு. ஒரு தடவை கேக்காம நீலச் சோப்பு வாங்கிட்டு வந்துட்டாங்க... நான் ஒண்ணும் சொல்லல. எதுக்கு நீலம்னு மட்டும்தான் கேட்டேன். ஒரு வாரம் கேட்டேன், அவ்வளவுதான். எங்க மச்சான் ஒருத்தர் இருக்கார், பந்துன்னா உருண்டைங்கறதைத் தாண்டி ஒண்ணும் தெரியாது. அவர் சொல்றார், 'மாப்ள, நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாருங்களேன்'னு! நான் சும்மா இருந்தா யாரு எண்ணறது?

"பிரின்ஸிபால் கூப்பிட்டார் காலைல. 'அஞ்சு பேர் இருக்காங்க, ஒரு கூடை இருக்கு, அப்புறம் என்ன கஷ்டம்?'னார். அடுத்த வருஷமும் இப்படியே போனா டீமையே கலைச்சிடுவாராம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சும்மா. நேத்து ராத்திரியே சாப்பிடல. இந்த டீம்னா எனக்கு உயிரு, தெரியுமில்ல உனக்கு?"

அது அவளுக்குத் தெரியும். மழையில் மைதானம் நனைந்தால் தன் வேட்டியால் துடைக்கிற மனிதர் அவர். கணுக்கால் பிசகினவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர். அதனால்தானே அவள் திரும்பி வந்தாள்.

"எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதாம்மா." மாஸ்டரின் குரல் இறங்கியது. "யாரையும் கேக்காம... என் மூஞ்சியப் பார்க்காம... தோணினப்போ தைரியமா ஒருத்தி தூக்கிப் போடணும். ஒருத்தி போதும். அப்படி ஒருத்தி இருந்துட்டா, அவளை வெச்சு அடுத்த வருஷம் மொத்த டீமையும் நிமித்திக் காட்டறேன். எங்கே இருக்கா அவ? சொல்லு, எங்கே இருக்கா?"

பந்து வந்தது.

அவள் பிடித்தாள். திருப்பி எறிவதற்குக் கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்தினாள். மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. கூடை தூரத்தில், பழைய வலை தொங்க, உன் பாட்டுக்கு வா என்பதுபோல் இருந்தது. இடது கை மேலே போனது. மணிக்கட்டு மடங்கியது. பந்து போர்டைத் தொடவில்லை, வளையத்தைத் தொடவில்லை. சரக்கென்று ஒரு சத்தம் மட்டும்.

அவள் திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள். கேட்க வந்ததைக் கேட்டாகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கண் ஒரு கணம் அகலமாக விரிந்து, சின்னப் பையன் கண் மாதிரி மின்னியது. வாய் சிரிக்கப் போவதுபோல் ஒரு ஓரம் ஏறியது.

"யாரைக் கேட்டுப் போட்டே?" என்றார் மாஸ்டர்.

அவள் நின்றாள்.

"இல்ல, உள்ளே போச்சு. இல்லேங்கல. ஆனா நான் பேசிட்டிருக்கேன்... பெரியவங்க பேசிட்டிருக்கப்போ... அதுவும் அந்தக் கையால! முழங்கை பார்த்தியா எங்கே போகுதுன்னு? இன்னும் உள்ளே வரணும். அதை நான் சரி பண்ணித் தர்றேன், துண்டு உள்ளேதான் இருக்கு. முதல்ல ரெண்டு சுத்து ஓடிட்டு வா. அப்புறம் நீ என்னமோ சொல்ல வந்தியே, அதைப் பேசலாம்."

பந்து உருண்டு உருண்டு அவள் காலடியில் வந்து நின்றது. அதைக் குனிந்து எடுத்தாள். அவரிடம் எறியாமல், நடந்து போய் அவர் கையிலேயே கொடுத்தாள்.

"போறேன் மாஸ்டர்" என்றாள். அன்றைக்கு அவரிடம் அவள் பேசியது அவ்வளவுதான்.

"போறேன்னு சொல்லக் கூடாதும்மா! போயிட்டு வர்றேன்னு சொல்லணும். பாரு, இதைக்கூட நான்தான் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு."

கதவருகில் அவள் ஒரு மூச்சு நேரம் நின்றாள். திருத்திச் சொல்லப் போகிறாள் என்று மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டு காத்திருந்தார். அவள் திருத்தவில்லை. வராந்தாவில் போன் எடுத்துக் கோச்சம்மாவின் எண்ணை அழுத்திக்கொண்டே, படி இறங்கி, வெயிலில் நடந்து போனாள்.