சாமான் அறையில் இருந்த ஓவியம்

அவைத் தலைவர் திரு. அப்துல் அஜீஸ் அவர்களே, அம்மாவைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆரணி அவர்களே, மழையையும் பாராமல் சிராங்கூன் சாலையின் இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் கலை அன்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

மறைந்த ஓவியர் இரஞ்சிதம் அம்மையாரைப் பலர் புகழ்ந்துவிட்டார்கள். அவரைப் புகழ எனக்குத் தகுதி இருக்கிறதா? இல்லை! நம் ஓவியர் சங்கத்தின் கண்காட்சிப் பொறுப்பில் இருபது ஆண்டுகள் இருந்தவன் நான். அவருக்கு நான் செய்த சிறுமையைச் சொல்லத்தான் எழுந்தேன்.

குவீன்ஸ்டவுனில் ஒரு மருந்தகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றதும் அவர் எகிப்துக்குப் போனார். "ராஜா கல்லறையைப் பாக்கத்தான் போனேன் தம்பி. அதைத் தோண்டின வேலைக்காரங்க தங்களுக்கும் கல்லறை கட்டி, சுவரெல்லாம் படம் வரைஞ்சிருக்காங்க. அதை விட்டு வர மனசே இல்ல" என்றார். அன்றுமுதல் நம் சிங்கப்பூர் உழைப்பாளிகள் அவர் தூரிகையில் எகிப்தியக் கோலத்தில் வந்தார்கள். தோள்கள் நம்மை நோக்கியிருக்கும். முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், வெங்கடேஷ் என்ற தமிழகத் தொழிலாளி கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். ஞாயிறுதோறும் அம்மையாரிடம் ஓவியம் கற்க வந்தவர் அவர். எகிப்தியர்கள் தங்கள் இறந்தவர்களை வரைந்ததுபோல அம்மையார் அவரை வரைந்தார். உணவு நிறைந்த மேசை; ஒரு பக்கம் வெங்கடேஷ், எதிரே அவர் மனைவி. மேலே தமிழில் இருவர் பெயர்கள்.

அதை நம் ஆண்டு விழாக் கண்காட்சியில் மாட்டினோம். முதல் நாள் மாலை ஒரு பிரமுகர் வந்து, "இதுல நம்ம பண்பாடு எங்க இருக்கு? மூஞ்சிகூட நேரா இல்லையே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்காக? அவர் மனம் கோணக்கூடாதே என்று! அவர் போனதும் ஓவியத்தைக் கழற்றிச் சாமான் அறையில், துடைப்பங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை அம்மையார் ஒரு பெண்ணோடு வந்தார். வெங்கடேஷின் மனைவி வித்யா! கணவரின் உடைமைகளை வாங்கிப் போக வந்தவர். அன்று மாலையே விமானம். வெற்றுச் சுவரைப் பார்த்த அம்மையார் என்னைப் பார்த்தார்.

"சட்டம் உடைஞ்சு போச்சுக்கா" என்று பொய் சொன்னேன்.

"பரவால்ல தம்பி, உடைஞ்சதையே காட்டுங்க."

அறையைத் திறந்தேன். சட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அம்மையார் துடைப்பங்களை ஒதுக்கிவைத்தார். வித்யா தரையிலேயே உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னையத்தானேம்மா பாக்குறாரு?" என்றார்.

"ஆமாம்மா, உன்னையேதான்."

நான் கையில் சாவியோடு வாசலில் நின்றேன்.

ஓவியத்தை அங்கேயே சட்டத்திலிருந்து பிரித்துச் சுருட்டி, அம்மையார் வித்யாவிடம் கொடுத்துவிட்டார். என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகும் நம் கூட்டங்களுக்கு வந்தார். ஓவியம் மட்டும் கொண்டுவரவில்லை. ஆறு ஆண்டுகள், அன்பர்களே! ஒரு மன்னிப்புக் கேட்க அது போதாதா? போன மாதம் மருத்துவமனையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்தும், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தவன் நான். வெட்கப்படுகிறேன்.

நேற்று ஆரணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மையாரின் வீட்டிலிருக்கும் முப்பத்தெட்டு ஓவியங்களையும் இதே மண்டபத்தில் வைக்க அனுமதி கேட்டேன். அதற்கு ஆரணி, "வைங்க அங்கிள். ஆனா வித்யா அக்காதான் ஓப்பன் பண்ணணும். நீங்க ஸ்பீச் கொடுக்கக் கூடாது" என்றார்.

ஒப்புக்கொண்டேன். வரும் ஜனவரியில் அந்தக் கண்காட்சி நடக்கும். ஒவ்வோர் ஓவியத்தையும் என் கையால் மாட்டுவேன். யார் வந்து என்ன சொன்னாலும் ஒன்றுகூடச் சுவரை விட்டு இறங்காது. இது இந்த அவையின் முன் நான் தரும் உறுதி.

இரஞ்சிதம் அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள். இந்த மேடையில் இதுவே என் கடைசிப் பேச்சு.