இன்னைக்கு எங்க வீட்டு முறை

ராமநாதபுரம் தாண்டி, புதிதாகத் திறந்த சின்ன ஸ்டேஷனில் காலை பாசஞ்சர் நின்றது. தலைப்பாகைக்காரர் ஒருவர் வெறுங்கையோடு ஏறி என் எதிரே உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த ஜவுளி வியாபாரி எங்கே பயணம் என்று கேட்டார்.

"எங்கயும் இல்ல. இன்னைக்கு எங்க வீட்டு முறை."

நான் பேப்பரை விரித்துக்கொண்டு காதை அந்தப் பக்கம் வைத்தேன்.

"என்ன முறை?"

"ரயில் முறை. ஆளு ஏறலேன்னா ஸ்டேஷனை எடுத்துருவாகளாம். மனு மேல மனுப் போட்டு வாங்குனது, விட முடியுமா? கண்மாய்த் தண்ணிக்கு வைக்கிற மாதிரியே வீட்டுக்கு வீடு முறை வச்சுட்டோம். தினம் ஒரு வீட்டு ஆளு பரமக்குடி போகணும்."

"போயி?"

"டீ குடிச்சிட்டு, பஸ்ல டிக்கட் எடுத்துத் திரும்பிருவோம்."

"ஒருநாளும் தவறலையா?"

"நேத்துப் பக்கத்து வீட்டு முறை. பொண்ணு பாக்க வந்துட்டாக. வந்த மாப்பிள்ளையை ஏத்திவிட்டாக. அப்படியும் ஆளே ஏறலேன்னு மேல எழுதியிருக்காகளாம். அதான் விளங்கல."

வியாபாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுல டிக்கட் எடுத்தீகளா?"

"தண்ணி முறைக்கு யாரு டிக்கட் எடுக்கா?"

"டிக்கட்டை வச்சுத்தானய்யா ஆளை எண்ணுவாக."

தலைப்பாகைக்காரர் சன்னல் வழியே தலையை நீட்டிக் கடைசிப் பெட்டிப் பக்கம் பார்த்தார்.

"அப்ப, எங்காளு ஏறி உக்காந்ததும் கார்டு எட்டிப் பாத்துப் பச்சைக்கொடி ஆட்டுறாரே. அது எண்ணுறது இல்லையா?"