சும்மா போன தீம்

திருச்செந்தூர் பேருந்து ஆத்தூரில் நெரிசலில் நின்றுவிட்டது. எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் தன் தம்பியிடம் குரலை அடக்கிச் சீறினாள்.

"திருடுனவன் மேல கம்ப்ளெய்ண்ட் குடுக்க முடியாதுன்னா என்னலே அர்த்தம்?"

நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

"அவன் திருடலக்கா. காசு குடுத்துத்தான் என் வெப்சைட்டு தீம் வாங்குனான். இப்ப நெட்டுல எல்லாருக்கும் சும்மா குடுக்கான்."

"வெப்சைட்டு டிசைன் உன்னுது. சும்மா குடுக்க அவன் யாரு?"

"தீம் ஓடுற பிளாக் எழுதுற சாஃப்ட்வேரே ஓப்பன் சோர்ஸ்க்கா, யாரும் சும்மா எடுத்து மாத்திக்கலாம். அதை வச்சுத்தான நான் செஞ்சேன்? வாங்குனவன் யாருக்கு வேணாலும் குடுக்கலாம். இதுக்கும் அதே லைசென்ஸ்தான். நானும் ஒத்துக்கிட்டுத்தான் வித்தேன்."

"ஹார்பர் வேலையை இதை நம்பித்தானலே விட்டே?"

அவன் மடியில் இருந்த கைபேசி அடித்தது.

"யாருலே?"

"சும்மா வாங்குன ஒருத்தர். காலையிலருந்து இப்படித்தான் சந்தேகம் கேட்டு வருது. அவன் தீமுல இருந்த என் பேரையும் நம்பரையும் அழிக்காம அப்படியே விட்டிருக்கான்."

"எடுக்காத. கட் பண்ணு."

அவள் கையை நீட்டினாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சொல்லுங்க அண்ணாச்சி. ஆமா, நான்தான் செஞ்சேன். வெப்சைட்டுல எந்தப் பக்கம் திறக்க மாட்டேங்கு?"