கருப்பட்டிக்கு இன்னொரு பெயர்

ஒரு குழந்தைக்கு ஒரு பெயர் போதும் என்பது என் கருத்து. இதில் யாரும் சண்டைக்கு வர இடமில்லை என்றுதான் நினைக்கிறேன், மேடம். உங்கள் சீருடையில்கூட ஒரே பெயர்தான் குத்தியிருக்கிறது.

என் மகளுக்கு யஷ்வித்ரா என்று பெயர் வைத்தது நான். என் கணவர் புவனேந்திரன் வீட்டில் குலதெய்வத்தை நினைத்துக் காளியம்மா என்று வைக்கச் சொன்னார்கள். நான் லூபோக் சீனா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். முட்டி மோதிப் படித்து, மலாக்கா டவுனில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் ஏசிக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையின் பெயரைப் பிடித்துக்கொண்டு நான் மறுபடியும் தோட்டத்துக்கே போக வேண்டுமா? முடியாது என்று சொல்லிவிட்டேன். எண்கணிதம் பார்த்து, எழுத்தைக் கூட்டிக் குறைத்து, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்து எடுத்த பெயர் அது. தண்ணீர் போத்தல், பை, செருப்பு என்று எல்லாவற்றிலும் ஒட்டி வைத்தேன்.

கணவருக்குச் சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் வேலை. எனக்கு ஆபீஸ். அதனால் பிள்ளையைக் கைக்குழந்தையிலிருந்தே ராமாத்தாள் ஆன்ட்டியிடம் விட்டோம். புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி, தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலை செய்தவர். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டகை அது. அங்கே எந்தப் பிள்ளையையும் வைத்த பெயரால் கூப்பிட மாட்டார்களாம். அந்த வழக்கத்தை மூட்டை கட்டி எங்கள் தாமான் குடியிருப்புக்கும் கொண்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் பிள்ளையைக் கூட்டி வரப் போகும்போது பார்ப்பேன். ஒரே தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கூப்பிடுவார். தொந்தியைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையன் தவுக்கே, பெரிய கடை முதலாளி என்று நினைப்பு. ஓயாமல் கத்துகிற பெண் சில்வண்டு. என் மகள் கருப்பட்டி. அந்தப் பெயரைக் கேட்டதும் வாயைத் திறந்துகொண்டு ஓடுவாள். கேட்டில் நான் நிற்பது அவள் கண்ணில் படாது.

என் நிறம் உங்களுக்கே தெரிகிறது. பிள்ளைக்கும் என் நிறம்தான். தோட்டத்து ஸ்கூல் பஸ்ஸில் என்னைக் கரிச்சட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அனுசியா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது அந்த பஸ்ஸில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அன்றைக்குச் சிரித்தவர்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

ஆன்ட்டியிடம் மரியாதையாகத்தான் சொன்னேன்.

"ஆன்ட்டி, அவள யஷ்வித்ரான்னே கூப்பிடுங்க. கருப்பட்டில்லாம் வேணாம்."

"அது பெரிய பேரும்மா. ஸ்கூலுக்கு, ஆபீசுக்குன்னு பத்திரமா இருக்கட்டும். நல்ல பேர நாளெல்லாம் கூப்பிட்டா கண்ணு பட்டுடும். இங்க இந்தச் சின்னப் பேரு போதும் லா. கருப்பட்டி இனிக்குமில்ல?"

சொல்லிவிட்டு என் பிள்ளையை வாரி எடுத்து முத்தம் கொடுத்தார். அவளும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் சிரித்துக்கொண்டே கூட்டி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய தண்ணீர் போத்தலைச் சுவரில் அடித்து உடைத்தேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

நீங்களே சொல்லுங்கள். பத்து மாதம் சுமந்தவள் கூப்பிட்டால் பிள்ளை திரும்ப வேண்டாமா? என் மகள் திரும்ப மாட்டாள். யஷ்வித்ரா, யஷ்வித்ரா என்று சமையலறையிலிருந்து தொண்டை வறளக் கத்துவேன். கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பாள். புவனேந்திரன் வேலை விட்டு வந்து, "எங்க என் கருப்பட்டி?" என்று கேட்டில் நின்று கேட்டால் போதும், விழுந்தடித்து ஓடுவாள். அவரிடமும் சொல்லிப் பார்த்தேன்.

"சின்னப் புள்ள லா, அனு. வளந்தா சரியாயிடும்," என்றார். என் வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு ஆபீஸ் ஆட்களைத் திறந்த இல்ல உபசரிப்புக்குக் கூப்பிட்டிருந்தேன். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்துவிட்டேன். எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். முறுக்கைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னோடு வேலை செய்யும் உஷாராணி என் காதோரம் குனிந்தாள்.

"அனு, காது டெஸ்ட் ஏதும் எடுத்துப் பார்த்தீங்களா? எங்கக்கா புள்ளைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

அக்கறையாகத்தான் கேட்டாள். அந்த அக்கறைக்கு அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

விருந்தாளிகள் போனதும் பிள்ளையை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயரைச் சொன்னேன். பார்க்கவில்லை. கிள்ளினேன். பார்த்தாள்.

முதல் தடவை கோபத்தில் கிள்ளினேன், அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு கிள்ளியது எதுவும் கோபத்தில் இல்லை. பாடம் சொல்லிக் கொடுப்பது போலத்தான். பெயரைச் சொல்வேன். கொஞ்சம் பொறுப்பேன். திரும்பாவிட்டால் கிள்ளுவேன். முழங்கைக்கு மேலே, உட்பக்கம், சதை மெத்தென்று இருக்கும் இடத்தில். நீளக் கை வைத்த சட்டை போட்டுவிட்டால் வெளியே தெரியாது. அழுது முடித்ததும் முகம் துடைத்துவிட்டு மைலோ கலக்கிக் கொடுப்பேன். நான் கொடுமைக்காரி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புவனேந்திரன் குளிப்பாட்டும்போது பார்த்துவிட்டார்.

"அனு, இங்க வா. என்ன இது, கை இப்படிக் கன்னிப் போயிருக்கு?"

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "நாளெல்லாம் யாருகிட்ட இருக்கா? அங்க போய்க் கேளுங்க," என்றேன்.

யோசித்து வைத்திருந்து சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அது நியாயமாகத்தான் பட்டது. என் பிள்ளையின் பெயரைப் பிடுங்கிக்கொண்டது யார்? அதைப் பிடுங்காமல் இருந்திருந்தால் நான் ஏன் கிள்ளப் போகிறேன்? அப்படிப் பார்த்தால் அந்தக் காயம் ராமாத்தாள் ஆன்ட்டி போட்டதுதான்.

கையைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டேன். முகம் தெரியாதவர்களெல்லாம் எனக்காகக் கொதித்தார்கள். இதுவரை என் பேச்சை அத்தனை பேர் கேட்டதில்லை. பிறகு போலீசில் புகார் கொடுத்தேன். "அந்தப் பொம்பளை என் பிள்ளையை ஒரு தடவைகூட யஷ்வித்ரா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை" என்பதையும் அதில் சேர்க்கச் சொன்னேன். அந்தப் புகாரில் முழு உண்மை அது ஒன்றுதான். அதனால் அழுத்திச் சொன்னேன்.

மறுநாளே ஆன்ட்டி வீட்டு கேட்டில் யாரோ சிவப்புச் சாயம் ஊற்றியிருந்தார்கள். தவுக்கேயின் அம்மா அவர் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். போலீஸ் வண்டியில் ஏற்றும்போது ஆன்ட்டி கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

"கருப்பட்டிய நான் கிள்ளுவேனா, தாயி? நீயே சொல்லு."

அந்த நேரத்திலும் அவர் வாயில் அந்தப் பெயர்தான் வந்தது. என் மனத்தில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அதுவும் போய்விட்டது.

லாக்கப்பில் அவர் மயங்கி விழுந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். பக்கவாதமாம். வாய் கோணிக்கொண்டது, பேச்சு வரவில்லை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றார்கள். அவருக்கு அப்படி ஆக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயர் நின்றுவிட்டது. புவனேந்திரன்கூட அதைச் சொல்லப் பயந்தார்.

நான் சம்பளமில்லாத லீவு போட்டு வீட்டில் இருந்தேன். குளிப்பாட்டுவதும் நான், சட்டை மாற்றுவதும் நான். வேறு யாரையும் விடவில்லை. நாள் முழுக்க நானும் மகளும் மட்டும் இருந்ததால் பாடம் வேகமாக நடந்தது. ஒருநாள் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு சமூகநல அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். வழக்குக்காகப் பிள்ளையோடு பேச வேண்டுமாம். புவனேந்திரனும் வந்தார். மலர்விழி என்று ஓர் அதிகாரி, அமைதியான பெண், தரையில் உட்கார்ந்து பொம்மைகளைப் பரப்பி வைத்திருந்தார். மகள் ஒரு பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மலர்விழி மெதுவாக, "யஷ்வித்ரா," என்றார்.

மகள் பொம்மையைக் கீழே வைத்தாள். எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள். சட்டைக் கையை மேலே தள்ளினாள். அது முழங்கையில் சிக்கிக்கொண்டு ஏற மறுத்தது. அப்படியே கையை நீட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மலர்விழி அந்தச் சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டார். கோப்பில் ஆன்ட்டி சொன்னதாக எழுதியிருந்த பெயரைப் பார்த்து, "கருப்பட்டி," என்று கூப்பிட்டார். மகள் கண்ணைத் திறந்து சிரித்தாள். கதவுப் பக்கம் திரும்பி, யாரோ வரப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தம்மா இவளப் பேர் சொல்லி ஒரு தடவகூடக் கூப்பிட்டதில்லன்னு ரிப்போர்ட்ல நீங்கதான சொன்னீங்க?" என்று மலர்விழி என்னைக் கேட்டார். "அப்ப யஷ்வித்ராங்கிற பேரக் கேட்டா கைய நீட்டணும்னு இவளுக்கு யாரு கத்துக் கொடுத்தா?"

புவனேந்திரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆமாம் மேடம், கிள்ளியது நான்தான். ஒவ்வொரு கிள்ளும் என்னுடையது. ராமாத்தாள் ஆன்ட்டி என் பிள்ளை மேல் சுண்டுவிரல்கூட வைத்ததில்லை. அது எனக்கு முதலிலிருந்தே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த அறையில் என் மகள் எந்தப் பெயருக்கு எழுந்து வந்தாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உஷாராணி அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பிள்ளையை இப்போது கணவரின் அக்கா வைத்திருக்கிறார், எனக்குக் காட்ட மாட்டார்கள் என்கிறீர்கள். சரி. அங்கே யாரும் பட்டப்பெயர் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவள் பெயர் யஷ்வித்ரா. ஒரு தடவை கூப்பிட்டால் போதும், கையை நீட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.